மெஷினுக்குப் புரியாத தலையாட்டல்

என் கணவர் பேச முடிந்த காலத்திலேயே பேச மாட்டார். கல்யாணமான புதிதில் சாம்பாரா, வத்தக்குழம்பா என்று கேட்டால் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து லேசாக ஆட்டுவார். அதற்கு என்ன அர்த்தம் என்று நான்தான் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். ஃப்ரிட்ஜ் எந்த நிறத்தில் வாங்குவது, தீபாவளிக்கு அவர் ஊரா என் அம்மா வீடா, ஆவடியில் வீடு பார்ப்பதா அம்பத்தூரிலேயே இருப்பதா, எல்லாவற்றுக்கும் அதே ஆட்டல்தான். "வாயத் திறந்து சொல்லுங்களேன், முத்தா உதிர்ந்துடும்?" என்று நான் கத்துவது பருத்திப்பட்டு ஏரிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் அபார்ட்மென்ட் முழுக்கப் பிரசித்தம். அவர் அதற்கும் சிரித்துக்கொண்டே தலையைத்தான் ஆட்டுவார்.

போன வருஷம் ஒரு காலையில் ஷேவிங் செய்துகொண்டிருந்தவர் வாஷ்பேசினைப் பிடித்தபடியே சரிந்தார். மூளைத்தண்டில் ரத்தக்குழாய் அடைத்துவிட்டது என்றார்கள். உயிர் பிழைத்தார். கை, கால், பேச்சு மூன்றும் போய்விட்டன. அறிவுக்கு ஒன்றும் ஆகவில்லை, எல்லாம் கேட்கிறது, எல்லாம் புரிகிறது என்று டாக்டர் சொன்னபோது நான் அழுதேன். அது சந்தோஷத்தினாலா, இவ்வளவையும் புரிந்துகொண்டு ஒரு மனிதர் அசையாமல் கிடக்கப்போகிறாரே என்ற பயத்தினாலா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. சில மாத பிஸியோதெரபிக்குப் பிறகு கஞ்சி விழுங்க முடிந்தது. கழுத்தும் கொஞ்சம் அசைந்தது. அவருக்குத் திரும்பக் கிடைத்தது எது என்று பாருங்கள், அதே தலையாட்டல். எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலாகவும் இருந்தது.

கண் சிமிட்டிப் பதில் சொல்லும் முறையை ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஒரு முறை சிமிட்டினால் ஆமாம், இரண்டு முறை என்றால் இல்லை. ஆனால் அவர் கண் வறண்டு போய்த் தானாகவே சிமிட்டிக்கொண்டே இருக்கும். பார்க்க வந்தவர்கள் அவரவருக்கு எந்தப் பதில் வேண்டுமோ அதுவரைக்கும் எண்ணிக்கொண்டார்கள். எழுத்து அட்டையைக் காட்டி அ, ஆ என்று ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தோம். ககர வரிசைக்கு வருவதற்குள் அவர் களைத்துப்போவார், எனக்குப் பொறுமை போய்விடும்.

அந்த நாட்களில்தான் செல்போன் மேல் எனக்குத் தீராத கோபம் வந்தது. எதை எடுத்தாலும் தொடு, தேய், அழுத்து. கேஸ் புக்கிங்கில் இருந்து கோயில் அர்ச்சனை வரைக்கும் எல்லாமே ஒரு விரல் நுனிக்காகக் காத்துக்கொண்டிருக்கின்றன. அந்த ஒரு விரல் அசையவில்லை என்றால் உலகமே கதவைச் சாத்திவிடுகிறது. பேச்சைக் கேட்டு வேலை செய்யும் ஸ்பீக்கர் ஒன்றையும் வாங்கி வந்தேன். பேச முடியாத மனிதருக்கு அதை வாங்கி வந்த என் புத்தியை என்னவென்று சொல்வது? நான் சொல்லி அவருக்குப் பாட்டுப் போடலாம் என்று ஒரு நினைப்பு. தெருமுனை அம்மன் கோயிலில் மைக் கட்டியதும் அது கோயில்காரர்கள் பேச்சைக் கேட்டுத் தானாக ஏதேதோ போட ஆரம்பித்தது. எடுத்துப் பரணில் போட்டேன்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பர்ச்சேஸ் பார்க்கிறேன். நான் வேலைக்குப் போகும் நேரத்தில் அவரைப் பார்த்துக்கொள்ள ஓர் அம்மா வருவார். இந்த ஏற்பாடு கணவரின் அண்ணனுக்குப் பிடிக்கவில்லை. திருநெல்வேலிக்காரர்களான அவர்கள் வீட்டு வழக்கப்படி அவரை நான் அத்தான் என்றுதான் கூப்பிடுவேன். சின்ன வயதில் அப்பா போய்விட, தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவர். கெட்ட மனிதர் இல்லை. சித்திரையில் வந்தவர், கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தம்பியின் காலைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"ஏலே, நம்மூருக்கு வாரியா? அண்ணன் பாத்துக்கிடுதேன்."

இவர் தலையைச் சாய்த்து ஆட்டினார்.

"பாத்தியா தாயி? சரிங்கான்."

"அத்தான், அது சம்மதம் இல்ல. என்னமோ பண்ணுங்கன்னு சொல்றதுக்கு அவர் அப்படித்தான் ஆட்டுவார்."

"நீ ஏம்மா அவன் சொல்லுததை மாத்துத?"

கூடவே வாழ்ந்தவளுக்குத்தான் அந்த வித்தியாசம் தெரியும். நிஜமாகவே சம்மதம் என்றால் அவர் தாடை கொஞ்சம் முன்னால் வரும். என்னமோ பண்ணுங்க என்றால் தலை சாயும்போதே பார்வையும் சரிந்துவிடும். இதை யாரிடம் போய் நிரூபிப்பது? அத்தானோ ஊரில் தன் வீட்டுக் கீழ் அறையில் கட்டில் போட்டு, குளியலறையில் பிடிகம்பி வைத்து, பிஸியோதெரபிஸ்ட்டிடம் பேசிவிட்டே வந்திருந்தார். என் வேலைக்காகத்தான் தம்பியை இங்கே பிடித்து வைத்திருக்கிறேன் என்று அவர் நினைத்தார். வாய்விட்டுச் சொல்லவில்லை, முகத்தில் தெரிந்தது.

அத்தான் ஊருக்குத் திரும்பிய பிறகு நானே கணவரிடம் கேட்டேன். "சொல்லுங்க, ஊருக்குப் போகணுமா, இங்க இருக்கணுமா?" அவர் கண்ணை மூடிக்கொண்டார். மறுநாள் கேட்டேன், மறுபடியும் மூடிக்கொண்டார். மற்ற எல்லாக் கேள்விக்கும் ஏதாவது ஓர் அசைவு உண்டு. இந்த ஒன்றுக்கு மட்டும் கதவைச் சாத்துவது போல இமையைச் சாத்தினார். அவர் மனசில் இருப்பதை அவரே சொல்ல ஒரு வழி வேண்டும் என்று அன்றைக்கு எனக்கு வெறியே பிடித்தது.

எங்கள் கம்பெனிக்கு அடுத்த தெருவில் ஒரு சின்ன நிறுவனம். தொடாமலே வேலை செய்யும் கருவிகள் செய்கிறவர்கள். டீக்கடையில் அங்கே வேலை பார்க்கும் பெண் ஒருத்தி பழக்கம். முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். தலையில் துப்பட்டா, தோளில் லேப்டாப் பை, பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டாள். "எங்க ஊடு பூந்தமல்லிதான்க்கா, மெட்ரோவுக்குத் தோண்டித் தோண்டி ஸ்கூட்டி ஓட்டவே முதுகெலும்பு தனியா வேணும்" என்று சொல்லிக்கொண்டே வருவாள். நான் என் கதையைச் சொன்னதும் டீயைக் கீழே வைத்தாள். "சாருக்குக் கண்ணு நல்லா ஓடுதா? கழுத்து அசையுதா? அப்போ நாங்க ஒண்ணு பண்ணிகினு கீறோம்க்கா. வீட்டுல வச்சு ட்ரை பண்ண ஆளு தேடுறோம்" என்றாள்.

ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கருவியோடு வந்தாள். அன்றைக்கு அத்தானும் தம்பியைப் பார்க்க வந்திருந்தார். கட்டிலுக்கு எதிரே தாங்கியில் ஒரு திரை, அதற்குக் கீழே கண்ணைப் பார்க்கும் கேமரா. தலைக்கு லேசான ஒரு வளையம். தலை எப்படி அசைகிறது என்று அது பார்த்து, ஆமாம் இல்லை என்று ஸ்பீக்கரில் சொல்லும். குரல் செய்தி வாசிக்கிறவருடையது போல இருந்தது. என் கணவரிடம் இருந்து அப்படி ஒரு குரல் வந்தால் நான் என்ன செய்வேன் என்று எனக்கே பயமாக இருந்தது.

அத்தான் காத்திருக்கவில்லை. "ஏலே, ஊருக்கு வாரியா?"

இவர் தலையைச் சாய்த்து ஆட்டினார். "இல்லை" என்றது மெஷின்.

எனக்குக் கை தட்ட வேண்டும் போல இருந்தது. அத்தான் முகம் விழுந்துவிட்டது. அந்தப் பெண் மட்டும் திரையைப் பார்த்தபடி உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, தப்பு எங்க மேல. மேலே கீழே ஆட்டுனா ஆமாம், பக்கத்துல ஆட்டுனா இல்லைன்னு போட்டு வச்சிருக்கோம். நம்மாளு யாரு மேலே கீழே ஆட்டுறாங்க?"

அவள் ஆபீசில் நடந்ததை அப்போது சொன்னாள். அத்தனை பேரும் இந்தப் பக்கத்து ஆட்கள்தான். சோதிக்கும்போது குறிப்பில் எழுதியிருந்தபடி மாடு மாதிரி மேலும் கீழும் ஆட்டினார்களாம், மெஷின் சரியாகச் சொன்னதாம். 'சூப்பர், வேலை செய்யுதா?' என்று மேனேஜர் கேட்டபோது எல்லோரும் தலையைப் பக்கவாட்டில் ஆட்டிச் சந்தோஷப்பட்டார்களாம். அப்போதும் ஒருவருக்கும் உறைக்கவில்லை. இதைச் சொல்லும்போதே அவளும் தலையைப் பக்கவாட்டில் ஆட்டிக்கொண்டிருந்தாள். இன்னொரு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

ஏதோ தட்டினாள், மாற்றினாள். அத்தான் மறுபடி கேட்டார். இவர் மறுபடி ஆட்டினார். "ஆமாம்" என்றது மெஷின்.

"மெசினே சொல்லிட்டு தாயி" என்றார் அத்தான். அவர் கண் கலங்கியிருந்தது. "ஆடி கழியட்டும். ஆடியில ஆளை எடம் மாத்தக் கூடாது. ஆவணி பொறந்ததும் வேன் வச்சுக் கூட்டிட்டுப் போயிருதேன்."

அவர் கிளம்பிய பிறகு நான் அந்தப் பெண்ணைக் கடிந்துகொண்டேன். அதை மாற்றாமல் விட்டிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் என்று கேட்டேன். "அக்கா, தப்பான பதிலை உங்களுக்குப் புடிச்சிருக்குன்னு உட்டுட்டுப் போவ முடியுமா?" என்றாள். எனக்குக் கோபம் அடங்கவில்லை, ஆனால் அவள் சொன்னது நியாயம் என்று தெரிந்தது. இப்போது மெஷினும் அத்தான் கட்சி. நான் தாடையைப் பற்றி, சரியும் பார்வையைப் பற்றிச் சொன்னேன். அவள் வளையத்தைக் கழற்றிப் பையில் போட்டாள். "அப்போ தலைய நம்ப வேணாம். அதுல வீட்டு ஆளுங்க எல்லாரும் அவங்கவங்க அர்த்தத்தை ஏத்தி வச்சுட்டாங்க. சார் கண்ணாலயே எழுதட்டும்" என்றாள்.

ஆடி மாதம் முழுக்க எங்கள் வீட்டில் அதுதான் வேலை. திரையில் எழுத்துகள் பெரிது பெரிதாக நிற்கும். ஓர் எழுத்தை அவர் சற்று நேரம் உற்றுப் பார்த்தால் அது கீழே இறங்கும். 'க' விழுந்ததும் கா, கி, கீ என்று அதன் குடும்பமே வந்து வரிசையில் நிற்கும். இரண்டு எழுத்து வந்ததும் வார்த்தையையே மெஷின் ஊகித்துக் காட்டும். கேட்க சுலபம். ஜன்னல் வெயில் முகத்தில் விழுந்தால் கேமராவுக்குக் கண் தெரியாது. கண்ணில் நீர் கோத்தால் எழுத்து தப்பும். ஒரு நாள் முழுக்க 'ஞ' மட்டுமே விழுந்து, மெஷினும் 'ஞ, ஞ' என்று கத்திக்கொண்டிருந்தது. பார்த்துக்கொள்ள வரும் அம்மா, "இன்னாம்மா இது, பூனைய புடிச்சு வச்சா மாதிரி கீது" என்றார். கணவர் கண்ணில் அன்றைக்குச் சிரிப்பைப் பார்த்தேன். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு.

அவர் எழுதிய முதல் வார்த்தை 'மூக்கு'. செய்தி வாசிக்கும் குரலில் மூக்கு என்றது மெஷின். எனக்குப் புரியவில்லை. மறுபடி மூக்கு. சட்டென்று உறைத்து, குனிந்து மூக்கைச் சொறிந்துவிட்டேன். அவர் கண்ணை மூடி அதை அனுபவித்தார். இத்தனை மாதம் எத்தனை முறை மூக்கு அரித்திருக்கும், யாருக்கும் தெரியாமல் அரித்து அரித்துத் தானாக அடங்கியிருக்கும் என்று நினைத்ததும் நான் சமையலறைக்குப் போய் வாய்விட்டு அழுதேன்.

முதல் வாக்கியம் 'டிவியை நிறுத்து'. மதியச் சீரியலை அவருக்குப் பிடிக்கும் என்று அந்த அம்மா தினமும் போட்டுவிடுவார். போடட்டுமா என்று கேட்டுத்தான் போடுவார், இவரும் தலையை ஆட்டியிருக்கிறார். இரண்டு கல்யாணம், ஒரு கடத்தல், ஒரு கோமா வரைக்கும் பிடிக்காத சீரியலைப் பார்த்துத் தீர்த்திருக்கிறார் மனிதர். நான் அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அந்த ஆட்டலுக்கு என்னமோ பண்ணுங்க என்றுதான் அர்த்தம் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அவள் வாரம் ஒரு முறை வந்து சரிபார்ப்பாள். அப்போது இனி வரப்போவதை எல்லாம் சொல்வாள். விரல் அசையாவிட்டாலும், அசைக்க நினைத்தாலே நரம்பில் வரும் துடிப்பைப் பிடிக்கும் மணிக்கட்டுப் பட்டை. காற்றில் கையை வீசினால் புரிந்துகொள்ளும் அடுப்பு. கடைசியில் மூளையில் இருந்தே நேராக எழுத்து. "சாருக்கு எது ஒத்து வரும்னு இப்போ சொல்ல முடியாதுக்கா, ஆனா வந்துகினே இருக்கு" என்பாள். நினைத்ததெல்லாம் ஸ்பீக்கரில் வந்தால் எந்தக் குடும்பம் தாங்கும் என்று நான் கேட்டேன். என் மனசில் ஓடுவதை அவர் கேட்டிருந்தால் என்றைக்கோ விவாகரத்து ஆகியிருக்கும். அவள் சிரித்தாள். எனக்கு அவ்வளவு பெரிய ஆசை எல்லாம் இல்லை. இந்த மெஷினிடம் எனக்குப் பிடித்தது, அது காத்திருக்கிறது. அவர் கண் அடுத்த எழுத்துக்குப் போகும் வரை பேசாமல் நிற்கிறது, அவருக்காக எதையும் முடித்து வைப்பதில்லை. ஊகித்த வார்த்தை பிடிக்காவிட்டால் அவர் அதைப் பார்க்காமலே தாண்டிவிடலாம். வருகிற காலத்து மெஷின்கள் எல்லாம் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக வேண்டுமானாலும் இருக்கட்டும், இந்த ஒரு குணம் போகாமல் இருந்தால் போதும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

அந்தப் பெரிய கேள்விக்கு மட்டும் அவர் ஆடி முடியும் வரை பதில் எழுதவில்லை. நான் கேட்டால் திரையை விட்டுக் கண்ணை எடுத்துவிடுவார். எனக்குத் தூக்கம் போய்விட்டது. போகிறேன் என்றால் எப்படித் தாங்குவது என்று ஒரு பயம். இருக்கிறேன் என்றால், திருப்பிப் படுக்க வைத்து, துடைத்து, ஊட்டி, பஸ் பிடித்து ஓடி, இன்னும் எத்தனை வருஷம் என்று இன்னொரு பயம். இரண்டாவது பயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஆவணி பிறந்து முதல் முகூர்த்த நாளில் அத்தான் வந்துவிட்டார். வேன் கீழே நின்றது. நான் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு மெஷினைப் போட்டேன். "அத்தான், தலையப் பாக்காதீங்க. எழுதுவார், கொஞ்சம் பொறுங்க" என்றேன். அவர் கட்டிலோரம் உட்கார்ந்து தம்பியின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"சொல்லுலே. நீ என்ன சொன்னாலும் அண்ணன் கேக்கேன். ஊருக்கு வாரியா?"

அவர் கண் திரைக்குப் போனது. இந்த முறை மூடவில்லை. எழுத்து எழுத்தாக இறங்கியது. நான் திரையைப் பார்க்கவில்லை, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் மெஷின் பேசியது.

"அவளை யாராவது கேட்டீர்களா?"

ஒரு நிமிஷம் எனக்கு அது யாரைப் பற்றி என்றே புரியவில்லை. அத்தான் என்னைத் திரும்பிப் பார்த்த பிறகுதான் புரிந்தது. அவருக்கு என்ன வேண்டும் என்று சித்திரையில் இருந்து இரண்டு பேரும் இழுத்துக்கொண்டு இருந்தோம். எனக்கு என்ன வேண்டும் என்று அத்தான் கேட்கவில்லை. என் அம்மா வீட்டிலும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. இவர் மட்டும் அசையாமல் படுத்துக்கொண்டு அதைப் பார்த்திருக்கிறார். அதனால்தான் நான் கேட்கும் போதெல்லாம் கண்ணை மூடியிருக்கிறார்.

"என்ன தாயி, கேக்கான்லா? உனக்கு எப்படி?" என்றார் அத்தான்.

என்னமோ பண்ணுங்க என்று இருந்துவிடலாம் போல இருந்தது. என் தலை தானாக ஒரு பக்கம் சாய்ந்து ஆடியது. ஆடிய பிறகுதான் எனக்கே தெரிந்தது.

அவர் கண் மறுபடியும் திரைக்குப் போனது. செய்தி வாசிக்கும் அந்தக் குரல் கொஞ்சமும் சிரிக்காமல் சொன்னது.

"வாயைத் திறந்து சொல். முத்து உதிராது."

நான் அழுதுகொண்டே சிரித்தேன். அப்புறம் வாயைத் திறந்தேன். "இவர் இங்கதான் இருக்கணும்" என்றேன். "ஆனா என்னால தனியா முடியல அத்தான்." இத்தனை நாள் அந்த இரண்டாவது வாக்கியத்தைச் சொன்னால் முதல் வாக்கியம் பொய்யாகிவிடும் என்று நினைத்திருந்தேன்.

அத்தான் தம்பியின் கையை மடியிலிருந்து எடுத்து மெத்தையில் வைத்தார். பிறகு போனில் வேன் டிரைவரைக் கூப்பிட்டு, வண்டி வேண்டாம், திரும்பிப் போ என்றார். சட்டையைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டார். "அப்பம் நான் கொஞ்ச நாள் இங்க கெடக்கேன். கார்த்திகைக்கு மேல வேணா பாத்துக்கிடுவோம். என்னலே, இருக்கட்டுமா?"

இவர் தலையைச் சாய்த்து ஆட்டினார்.

சரிங்கான் என்று சொல்ல வாயெடுத்த அத்தான் நிறுத்திக்கொண்டார். தம்பி முகத்துக்கு நேராகக் குனிந்து, "இது எந்த ஆட்டல்லே?" என்று கேட்டார். அவர் கண் மெதுவாகத் திரைக்குப் போனது. நாங்கள் இரண்டு பேரும் காத்திருந்தோம்.